செருகும் முன் அளந்து பாருங்கள்
பழைய கணினிகளைப் பழுதுபார்ப்பது பற்றிய கட்டுரையில் 'முதலில் மின்சாரம் கொடுத்துத் திரையைப் பாருங்கள்' என்று சொல்லியிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. 1982இல் வந்த கமடோர் 64 என்ற வீட்டுக் கணினியின் அடாப்டர் 5 வோல்ட் நேர்திசை மின்சாரமும் 9 வோல்ட் மாறுதிசை மின்சாரமும் தர வேண்டும். அதன் உள்ளே மின்னழுத்தத்தைச் சீராக வைத்திருக்கும் ரெகுலேட்டர் கெட்டால் அந்த 5 வோல்ட் எகிறிவிடும். நினைவகச் சில்லுகள் பலியாகும். பல அடாப்டர்களில் பிசின் ஊற்றி அடைத்திருப்பதால் திறந்து பழுதுபார்ப்பதும் பெரும்பாடு. மின்னழுத்தத்தை அளக்கும் மல்டிமீட்டர் அந்த 5 வோல்ட் இணைப்பில் 5.25 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கணினியில் செருகவே செருகாதீர்கள். சரியாகக் காட்டினாலும், சூடேறிய பிறகு இன்னொரு முறை அளக்க வேண்டும்.

சில்லுகளைச் செருகும் சாக்கெட்டில் தொடர்பு கெடலாம் என்று கட்டுரையில் எழுதியது முற்றிலும் சரி. என் பழைய கணினி ஒன்றின் கறுப்புத் திரைக்கு இரண்டு நாள் காரணம் தேடினேன். கடைசியில் ஒரு சில்லைக் கழற்றினால், கால்களெல்லாம் கறுத்துக் கிடந்தன! துடைத்துச் செருகியதும் கர்சர் சிமிட்டியது.