போர்வையில் உள்ள பெயர்களைப் பற்றி, கடைசியாக ஒருமுறை

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாள்களாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். வந்திருந்தவர்களுக்கு நடந்தது தெரியும். வராதவர்களுக்கு அந்தக் காணொளித் துண்டு இதற்குள் வந்து சேர்ந்திருக்கும். பெரியவர் ஒருவர் எழுந்து, போர்க்காலச் சிறையில் வெள்ளைக்காரிகள் போர்வையில் போட்ட தையலுக்கு நம் பிள்ளைகள் வம்சாவளி தேடிக்கொண்டிருக்கிறார்கள், சயாமில் (இன்றைய தாய்லாந்து) ஜப்பானியர் போட்ட ரயில் பாதை வேலையில் செத்த நம்மவர்களைக் கேட்க நாதியில்லை என்றார். அரங்கம் கைதட்டியது. நான் பதில் சொல்ல வாயெடுத்ததும் நேரமாகிவிட்டது என்று ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார்கள். அதுவரைக்கும்கூடப் பொறுத்துக்கொண்டேன். அந்த ஒன்றரை நிமிடத்தை மட்டும் வெட்டி எடுத்து, மேலே "போர்வை ஆராய்ச்சியாளர்" என்று பட்டம் சூட்டிப் பகிர்ந்த நண்பர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. பட்டத்துக்கு நன்றி.

முதலில் அது என்ன போர்வை என்று தெரிந்துகொண்டு சிரிக்கலாம். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. மார்ச் 8 அன்று பெண்களும் குழந்தைகளுமாக ஏறத்தாழ 400 பேர் சாங்கிச் சிறைக்கு நடத்திச் செல்லப்பட்டார்கள். கணவன்மார்கள் வேறு பகுதியிலோ, படைவீரர் முகாமிலோ இருந்தார்கள். ஒருவர் உயிரோடு இருப்பது மற்றவருக்குத் தெரிய வழியில்லை. அந்தச் சிறைக்குள் எத்தல் மல்வேனி என்ற கனடியப் பெண்மணி ஒரு யோசனை சொன்னார். ஆளுக்கொரு வெள்ளைத் துணிச் சதுரம். உன்னைப் பற்றி ஏதாவது ஒன்றை அதில் தைத்து, உன் பெயரையும் தைத்துக் கொடு. அப்படிச் சேர்ந்த சதுரங்களை இணைத்து, போர்வைக்கு 66 என்ற கணக்கில் மூன்று போர்வைகள் செய்தார்கள். பிரிட்டிஷ் போர்வை, ஆஸ்திரேலியப் போர்வை, ஜப்பானியப் போர்வை என்று இன்று வழங்கும் பெயர்கள் செய்தவர்களைக் குறிப்பவை அல்ல, யாருக்காகச் செய்யப்பட்டனவோ அவர்களைக் குறிப்பவை. ஜப்பானியக் காயக்காரர்களுக்கும் ஒன்று செய்துவிட்டால், மற்ற இரண்டும் படைவீரர் முகாமின் மருத்துவமனைக்குப் போவதை யாரும் தடுக்க மாட்டார்கள் என்ற சாமர்த்தியம் அது.

அந்தப் பெயர்களைத் தைத்ததே, மருத்துவமனையில் படுத்திருப்பவன் எவனாவது படித்துவிட்டு, இன்னாருடைய மனைவி உயிரோடு இருக்கிறாள் என்று போய்ச் சொல்லட்டும் என்பதற்காகத்தான். சதுரத்தில் தைத்த பூவும் முயலும் காவலர்களின் கண்ணுக்கு. பெயர் கணவனின் கண்ணுக்கு. இது புரிந்த பிறகும், கையெழுத்தை விட்டுவிட்டுத் தையலை மட்டும் பாருங்கள் என்று ஒருவர் சொன்னால் நான் என்ன செய்வது? கடிதத்தைப் பிரிக்காமல் உறையின் அழகை மெச்சச் சொல்கிறார்கள்.

தேடுவதற்கு ஒரு பெயர் வேண்டும். ஞாயிறன்று நான் சொல்ல நினைத்தது இவ்வளவுதான்.

பெயர் இருந்தாலும் அது எளிதாக வழிவிட்டுவிடாது. ஒரு சதுரத்தின் நிழற்படத்தை வைத்துக்கொண்டு நான் மூன்று மாதம் அலைந்தேன். முதல் எழுத்தை ஆங்கில எஃப் என்று படித்திருந்தேன். ஒரு நாள் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான், நடுக்கோடு என்று நான் நினைத்தது பக்கத்து எழுத்துக்குப் போன நூல் பின்பக்கத்திலிருந்து தெரிவது என்பது விளங்கியது, அது டி. அதன் பிறகு சிங்கப்பூர்த் தேசிய நூலகம் இணையத்தில் வைத்திருக்கும் பழைய செய்தித்தாள்களில், போருக்கு முந்தைய ஒரு திருமண அறிவிப்பு அகப்பட்டது. அந்தப் பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயர் அதில் இருந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ள முகாம் பதிவேட்டில் அவருடைய வயது கிடைத்தது. 1945இல் கப்பலேறியவர்களின் பட்டியலில் அவர் பெயருக்குப் பக்கத்தில் கணவரின் பெயர் இல்லை. ஏன் இல்லை என்று தேடப் போய், இரண்டாவது திருமணம், மாறிய பெயர், அந்தப் பெயரில் வளர்ந்த பிள்ளைகள் என்று போய்க்கொண்டே இருந்தது. பெண்களின் வம்சாவளி இப்படித்தான், திருமணத்துக்குத் திருமணம் நூல் அறுந்து போகும். முடிச்சுப் போட்டுக்கொண்டே போக வேண்டும். இதைப் பொழுதுபோக்கு என்று சொல்பவர்கள் ஒரு வாரம் என்னோடு உட்கார்ந்து பொழுதைப் போக்கிப் பார்க்கலாம்.

இதையெல்லாம் அருங்காட்சியகங்கள் பார்த்துக்கொள்ளுமே என்கிறார்கள். பார்த்துக்கொள்கின்றன. இரண்டு போர்வைகள் கான்பெராவில் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் உள்ளன, ஒன்று லண்டனில் பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடம் உள்ளது. அவர்கள் செய்வதில் ஒரு சிறு துண்டைத்தான் நானும் செய்கிறேன். இதற்கு மேல் இந்தக் கேள்விக்குப் பதில் தேவையில்லை.

செத்தவர்களின் குடும்ப விவகாரத்தைக் கிளறலாமா என்று ஒரு தோழி தனிச் செய்தியில் கேட்டிருந்தார். வந்தவற்றில் யோசிக்க வைத்த கேள்வி அது ஒன்றுதான். பேரப்பிள்ளைகள் கிடைத்தால் முதலில் அவர்களிடம் கேட்கிறேன். வேண்டாம் என்றால் எழுதுவதில்லை. இரண்டு முறை வேண்டாம் என்றிருக்கிறார்கள், நிறுத்தியிருக்கிறேன்.

அந்த மேம்சாகிபுகளுக்குத் தம் வீட்டு வேலைக்காரியின் பெயராவது தெரிந்திருக்குமா என்று கேட்ட தம்பிக்கு வருகிறேன். பலருக்குத் தெரிந்திருக்காது, ஒப்புக்கொள்கிறேன். அவர்களை யாரும் தெய்வமாக்கவில்லை. கைதட்டியவர்களுக்கும் தம் வீட்டில் வேலை செய்பவரின் முழுப்பெயர் தெரியுமா என்று பதிலுக்குக் கேட்டிருப்பேன். வேண்டாம், அது வேறு சண்டை.

சயாமுக்கு வருவோம். எனக்குச் சயாமைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. என் பாட்டியின் அண்ணன் சயாமுக்குப் போனவர். தோட்டத்தில் காலைப் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுக்கும்போது, பெயர் கொடுக்கச் சொன்னார்கள், லாரி வந்தது, ஏறினார். பாட்டிக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மேல்சட்டையைக் கொடியில் காயப்போட்டுவிட்டுப் போனார், அது காய்வதற்குள் திரும்பிவிடுவார் என்று நினைத்தேன் என்று என்பது வயதிலும் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய பெயர் ஒரு காவல்தெய்வத்தின் பெயர். அதே பெயரில் அந்தத் தோட்டத்தில் நான்கு பேர் இருந்தார்களாம். நெட்டை, குட்டை, மேட்டு லயம், பள்ளத்து லயம் என்று அடைமொழி வைத்துத்தான் கூப்பிட்டார்களாம். எங்கள் ஆள் நெட்டை. எந்தப் பதிவேட்டில் போய் "நெட்டை" என்று தேடுவது? தோட்டத்துத் தொழிலாளர் பதிவேடான செக்ரோல் கிடைத்திருந்தால் தகப்பன் பெயரையாவது வைத்துப் பிரித்திருக்கலாம். அந்தத் தோட்டத்தின் செக்ரோல் எனக்குக் கிடைக்கவில்லை. எங்கள் வீட்டில் இருக்கும் மிகப் பழைய தாள் பாட்டியின் கைநாட்டு வைத்தது. ரேகைகள் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிகின்றன. அதிலிருந்து அவருடைய தாயின் பெயரைக்கூட என்னால் எடுக்க முடியாது.

சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை அது. நேச நாட்டுப் போர்க்கைதிகளில் 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். காஞ்சனபுரி கல்லறைத் தோட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 7,000 பேர் வரிசையாகக் கிடத்தப்பட்டிருக்கிறார்கள், பெரும்பாலான கற்களில் பெயர் உண்டு. ஆசியத் தொழிலாளர்கள் செத்தது 90,000 வரை இருக்கலாம் என்று ஒரு மதிப்பீடு உண்டு. மதிப்பீடுதான். ஒரு பக்கம் பெயர்ப் பட்டியல், இன்னொரு பக்கம் உத்தேசம். இந்த இரண்டையும் அடுத்தடுத்த நாளில் பார்த்துவிட்டு வந்து, போர்வையில் ஒரு பெண் சிவப்பு நூலில் தன் பெயரைக் குத்திக்குத்தி எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்கு வருவது பக்தி என்றா நினைக்கிறீர்கள்? பொறாமை வருகிறது, ஐயா. ஒரு ஊசி, ஒரு முழம் நூல், ஒரு பிடி எழுத்தறிவு. அவ்வளவு இருந்திருந்தால் எங்கள் நெட்டையும் எங்காவது ஒரு துணியில் இருந்திருப்பார்.

அதனால்தான் அந்தப் பெயர்களைத் தேடுகிறேன். எந்த ஆவணம் எங்கே இருக்கிறது, எந்தக் கப்பல் பட்டியலை எப்படிப் படிப்பது, ஒரே பெயரில் இருவர் வந்தால் எதை வைத்துப் பிரிப்பது என்பதையெல்லாம் அந்த வெள்ளைக்காரிகளின் பெயர்களை வைத்துத்தான் கற்றுக்கொண்டேன். நம்முடைய பெயர்களை வைத்துக் கற்றுக்கொள்ளலாம் என்றால், தேடுவதற்கு ஒரு பெயர் வேண்டும் என்று மறுபடியும் அங்கேயே வந்து நிற்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஞாயிறன்று கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது பெரியவரிடம் நானே போய்ப் பேசினேன். அது காணொளியில் இல்லை. தம்முடைய பெரியப்பாவும் சயாமுக்குப் போனவர்தான் என்றார். அவருடைய பெயர் என்ன என்று கேட்டேன். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் யோசித்தார். நினைவில்லை என்றார்.

ஐயா, உங்கள் அத்தை ஒருவர் இன்னும் இருக்கிறார் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். கேட்டுச் சொல்லுங்கள். பெயர், தகப்பன் பெயர், தோட்டத்தின் பெயர், முடிந்தால் கங்காணியின் பெயர். எந்த லயம் என்று தெரிந்தாலும் எழுதிக்கொள்கிறேன்.