கவிதையில வர்ற "நான்" யாரு?

போன மாசம் என் தோழி ஒருத்தி ஒரு கவிதை போட்டா. வெளிநாட்டுல இருக்கிற புருஷனோட பழைய செருப்ப தினமும் ராத்திரி வாசல்ல எடுத்து வச்சிட்டு, அப்புறமா கதவ தாழ் போடுற ஒரு பொண்ணு பேசுற மாதிரி. வீட்டுல ஆம்பள இருக்கான்னு தெரு நினைக்கணும்ல, அதுக்கு. எழுதினது அவ வீட்டுக்கு எதுத்த வீட்டு அக்காவ பாத்து. ஆனா "நான்"னு எழுதிட்டா. அவ்வளவுதான், மறுநாள் காலையிலயே நாத்தனார் போன், "உனக்கும் அண்ணனுக்கும் என்ன பிரச்சனை?" சாயங்காலத்துக்குள்ள கவிதைய அழிச்சிட்டா. எனக்கு இன்னும் ஆறல.

இத்தனைக்கும் இது நமக்கு புதுசா என்ன? குறுந்தொகை 25ஆம் பாட்டு எழுதினது கபிலர். ஆம்பள. பாட்டுல பேசுறது கல்யாணம் தள்ளிப்போய்ட்டே இருக்கிற ஒரு பொண்ணு.

"யாரும் இல்லைத் தானே கள்வன்
தான்அது பொய்ப்பின் யான்எவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே"

அவன் என்னோட சேந்தப்ப யாருமே இல்ல, அந்தக் கள்வன் மட்டும்தான், இப்ப அவனே இல்லன்னு சொல்லிட்டா நான் என்ன செய்வேன், ஒரு குருகு (கொக்கு) இருந்துச்சு, அதுவும் ஓடுற தண்ணியில ஆரல் மீன பாத்துட்டு நின்னுச்சு. இருந்த ஒரே சாட்சியும் இவங்கள பாக்கல! அதவிட எனக்கு பெருசா படுறது அந்தக் கால்தான். தினைத்தாள் மாதிரி சின்ன பச்சைக் கால். றெக்கை ஞாபகம் இல்ல, அலகு ஞாபகம் இல்ல, கால் மட்டும் ஏன்? அந்த நேரத்துல அவ தலைய குனிஞ்சிருந்தா, கண்ணு தண்ணி மட்டத்துலதான் இருந்திருக்கும்னு எனக்கு தோணுது. கரையில நின்னு பாக்குறவன் எழுதியிருந்தா முழுக் கொக்கும் வந்திருக்கும். கபிலர் அவளோட குனிஞ்ச கண்ணுக்குள்ள போய் உக்காந்துதான் பாத்திருக்கார்.

8ஆம் பாட்டு இன்னும் துணிச்சல். ஆலங்குடி வங்கனார் எழுதினது, பேசுறது பரத்தை, அதாவது கல்யாணமான தலைவன் வீட்டுக்கு வெளிய பழகுற பொண்ணு. வயல் ஓரத்து மாமரத்துல பழுத்து தானா விழுற பழத்த குளத்து வாளை மீன் கவ்வுதுன்னு ஆரம்பிக்கிறா, அதாவது நான் போய் இழுக்கல, அவனாதான் வந்து விழுந்தான். எங்க வீட்டுல பெரிய பேச்செல்லாம் பேசிட்டு தன் வீட்டுக்கு போனா, நாம கை தூக்கினா தானும் தூக்குற கண்ணாடி பொம்மை மாதிரி "தன் புதல்வன் தாய்க்கு" ஆடுறானாம். மனைவின்னு சொல்ல அவளுக்கு வாய் வரல பாருங்க, புதல்வன் தாய்! அந்த ஒரு சொல்லுல அவ நிக்கிற இடம் தெரிஞ்சு போச்சு. இதையே மனைவி பேசியிருந்தா மாம்பழமும் மாறியிருக்கும் மீனும் மாறியிருக்கும்.

அகப்பாட்டுல, அதாவது காதல் பாட்டுல, யாரோட பேரும் சுட்டி சொல்லக்கூடாதுன்னு தொல்காப்பியமே விதி வச்சிருக்கு. கவிதைக்கு கீழ இது தலைவி கூற்று, இது தோழி கூற்று, இது செவிலி கூற்றுன்னு குறிப்பு போட்டு வச்ச மரபு நம்மளோடது. அதுக்கப்புறம் நம்மாழ்வார் பெருமாள காதலிக்கிற பொண்ணா, பராங்குச நாயகியா நின்னு பாடினார், திருமங்கையாழ்வாரும் அதே மாதிரி பரகால நாயகியா பாடினார். அவங்கள யாரும் வீட்டு விஷயம் கேக்கல.

இன்னைக்கும் ஆம்பள ஒருத்தர் கொலைகாரன் பேசுற மாதிரி எழுதினா ஆஹா என்ன பார்வைன்னு கமெண்ட் வருது, ஒரு பொண்ணு தனிமைன்னு எழுதினா மட்டும் இன்பாக்ஸ்ல விசாரணை. இது ரொம்ப தப்பு. என் தோழி "அவள்"னு எழுதியிருந்தா தப்பிச்சிருப்பா, எங்கிட்டயும் சிலர் அதான் சொன்னாங்க. ஆனா அப்ப அது எதுத்த வீட்ட பாத்து பாவம்னு சொல்ற கவிதையா போயிருக்கும். "நான்"னு எழுதினதாலதான் தாழ்ப்பாள் சத்தம் எனக்கு கேட்டுச்சு.

அவகிட்ட இப்ப காப்பி கூட இல்லையாம். எனக்கு கடைசி நாலு வரி மனப்பாடம். நேத்து ராத்திரி அத டைப் பண்ணி அவளுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினேன். "மூணாவது வரி தப்பு, குடு நான் சரி பண்றேன்"னு பதில் வந்துச்சு.