முழங்காலை மடக்கித் தூக்கினால் முதுகு பிழைக்குமா?

ஒன்பது வருடம் முதியோர் பராமரிப்பு வேலையில் இருந்தேன். இப்போது இல்லை. முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க் விலகி நரம்பை அழுத்துவதால் இடுப்பில் கிளம்பும் வலி இடது கணுக்கால் வரை இறங்குகிறது. எந்த நாளில் ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை, ஏனென்றால் அப்படி ஒரு நாளே இல்லை.

வேலைக்குச் சேர்ந்த அன்று எங்களுக்குச் சொல்லித்தந்தது ஒன்றுதான்: "முதுகை வளைக்காதே, முழங்காலை மடக்கித் தூக்கு." மூட்டைக்கு அது சரி. கட்டிலில் படுத்திருக்கும் ஒருவரைத் தூக்கும்போது முழங்காலை எங்கே மடக்குவது, கட்டில் சட்டம் குறுக்கே நிற்கிறதே? எட்டித்தான் தூக்க வேண்டும். முதுகுத் தசைகள் முதுகெலும்பு டிஸ்க்கின் நடுவிலிருந்து ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் தள்ளி இருந்துகொண்டுதான் இழுக்கின்றன. சுமை 50 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் அவை சுமையைப்போல் பத்து மடங்கு விசையோடு இழுக்க வேண்டும், அந்த விசையெல்லாம் டிஸ்க் மேல்தான் இறங்கும். அதோடு மூட்டை பயப்படாது. பெரியவர்கள் பயப்படுவார்கள், பாதித் தூரத்தில் கால் துவண்டு நம் கழுத்தைக் கட்டிக்கொள்வார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா?

வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசு நிறுவனமான நியோஷின் கணக்கில், எல்லாம் வசதியாக அமைந்தாலே ஒரு பொருளைத் தூக்க உச்சவரம்பு 23 கிலோ. அங்கே ஆய்வாளராக இருந்த தாமஸ் வாட்டர்ஸ் 2007இல் நோயாளிகளைத் தூக்க அதைச் சுமார் 16 கிலோவாகக் குறைத்தார், அதுவும் நோயாளி ஒத்துழைத்து திடீரென்று அசையாமல் இருந்தால். 60 கிலோ ஆளை இரண்டு பேர் பிடித்தாலும் தலைக்கு 30 வருகிறது! நேராக நின்று தூக்கு என்று நூறு தடவை சொன்னாலும் இந்தக் கணக்கு மாறாது.

தூக்குவதை விடுங்கள். குனிந்தபடி உடம்பு துடைப்பது, டயப்பர் மாற்றுவது, சாக்ஸ் போட்டுவிடுவது, ஊட்டுவது, படுக்கைப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது, இதையெல்லாம் யாரும் பாரம் என்று எண்ணுவதே இல்லை. ஆனால் தோள்பட்டையும் மணிக்கட்டும் இதிலும்தான் தேய்கின்றன.

நான் இருந்த இடத்தில் ஆளைத் தூக்கும் இயந்திரம் ஒன்று இருந்தது, மூலையில், மேலே போர்வைகள் மடித்து வைத்தபடி. பட்டையை மாட்டி ஒருவரை நாற்காலியில் உட்கார வைக்கப் பத்து நிமிடம் ஆகும். காலைச் சாப்பாட்டுக்குள் எட்டுப் பேரை எழுப்ப வேண்டும், இருப்பது இரண்டு பேர். கையால் தூக்கினால் இரண்டு நிமிடம். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? அப்புறம் ஒருத்திக்கு முதுகு பிடித்துக்கொண்டால் "மிஷின் இருந்துதே, ஏன் எடுக்கலை?" என்று அவளையே கேட்பார்கள். என்னோடு இருந்த ஒரு அக்கா வலி மாத்திரையை முந்தானையில் முடிந்து வைத்திருப்பார், வலி என்று தெரிந்தால் நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்தில். ஆள் போடாமல் கருவி மட்டும் வாங்கி வைப்பதில் எனக்கு நம்பிக்கையே இல்லை.

இதில் பெரியவர்களுக்கும் அடி படுகிறது. அக்குளில் கைகொடுத்து இழுத்தால் தோள்மூட்டு நழுவலாம், விரிப்பில் உரசினால் மெலிந்த தோல் கிழிந்துவிடும். அடியில் வழுக்குத் துணி ஒன்றைப் போட்டு நகர்த்தினால் இருவருக்குமே பாதி வேதனை குறையும்.

வீட்டில் பெரியவரைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்திருப்பவர்கள் முதலில் கட்டிலைப் பாருங்கள். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு, பார்த்துக்கொள்பவரின் இடுப்பளவு உயரம் இருந்தால் பாதிக் குனிவு மிச்சம். தானாக எழுந்து நடக்கும் பெரியவர் என்றால் உயரமான கட்டில் ஆபத்து, ஏற்றி இறக்கக்கூடியதுதான் வேண்டும். புரட்டும்போது வீட்டில் இருப்பவர் ஒருவர் எதிர்ப்பக்கம் வந்து நில்லுங்கள். அந்தப் பெண்ணிடம் முதுகு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள், வலிக்கிறது என்று சொன்னால் சம்பளத்தோடு இரண்டு நாள் ஓய்வு கொடுங்கள். என்னிடம் ஒன்பது வருடத்தில் ஒருவரும் கேட்கவில்லை.