பட்டியலில் பெயர் இருந்தால் வகுப்பில் ஆள் இருக்குமா?

பரவும் தகவல்: “மாற்று ஆசிரியர் (வராத ஆசிரியருக்குப் பதிலாக அன்றைக்கு வருபவர்) பட்டியலில் ஏகப்பட்ட பெயர்கள் இருக்கின்றன, தொடக்கப் பள்ளிகளில் பற்றாக்குறை என்பது வெறும் சாக்கு.”

இது தவறு. பட்டியலில் இருக்கும் பெயர் வேறு, காலை 7 மணிக்கு போனை எடுத்து ‘வருகிறேன்’ என்பவர் வேறு. ஒரே ஆள் 5 பள்ளிகளின் பட்டியலிலும் இருக்கலாம். கூட்டினால் ஐந்து பெயர், வரப்போவது ஒருவர். காய்ச்சல் பரவும் வாரத்தில் எல்லாப் பள்ளிகளும் அவரைத்தான் தேடும். பல இடங்களில் வந்த நாளுக்கு மட்டுமே சம்பளம் என்பதால், நிரந்தர வேலை கிடைத்ததும் போய்விடுகிறார்கள். பெயர் மட்டும் நீக்கப்படாமல் கிடக்கும்.

“பள்ளிக்குள்ளேயே சமாளிக்கலாமே” என்றும் கூடவே சொல்கிறார்கள். உயர் வகுப்புகளில் ஓய்வுப் பாடவேளை உள்ள ஆசிரியரை அனுப்பலாம். தொடக்க வகுப்பிலோ பெரும்பாலும் ஒருவரே நாள் முழுக்க எல்லாப் பாடமும் எடுக்கிறார். ஆகவே ஆசிரியர் வராத வகுப்பின் 30 பிள்ளைகளை ஆறு ஆறாக ஐந்து வகுப்புகளுக்குப் பிரிப்பார்கள். வந்த ஆறு பேரும் கடைசி வரிசையில் உட்கார்ந்து படத்துக்கு வண்ணம் தீட்டுவார்கள். வருகைப் பதிவேட்டில் எல்லாரும் வந்தவர்களே; பாடம் நடக்காதது அதில் ஏறாது.

பெயர்களை எண்ணாதீர்கள். எத்தனை நாள் ஆள் கேட்டார்கள், எத்தனை நாள் கிடைத்தது என்று கிழமைவாரியாகக் கேளுங்கள். அரை நாள் வந்ததை முழு நாளாகச் சேர்த்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.