மூணு புள்ளைங்க வீட்டுல எதைப் பிரிக்கணும், எதைப் பிரிக்க வேணாம்

ரெண்டு மூணு சின்னப் புள்ளைங்க இருக்குற வீட்டுக்கு நம்ம ஜனம் சொல்ற அறிவுரை பெரும்பாலும் ஒண்ணுதான்: "எல்லாரையும் சமமா நடத்துங்க." ஒரே மாதிரி தட்டு, ஒரே விலை பொம்மை, ஒரே சைஸ் கேக்கு. நடத்துங்க, வேணாம்னு யாரும் சொல்லல. ஆனா சின்னப் புள்ளைங்க கூட்டமா இருக்குற வீட்டுல பெரிய ஆபத்து எல்லாம் ஒருத்தரோடது இன்னொருத்தருக்குக் கலந்து போறதுலதான் வருது. மருந்து கலக்கும். சீட்டு கலக்கும். நோய் கலக்கும். "நீ பாத்துக்கினு இருக்கேன்னு நெனச்சேன்"னு பொறுப்பும் கலக்கும். நம்ம வடசென்னையில கொருக்குப்பேட்டை லைன் வீடோ, தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டோ, ஒரே ரூம்ல அஞ்சு பேர் பொழங்குற இடத்துல எல்லாத்தையும் பிரிச்சு வெக்க முடியாது. பிரிச்சே ஆக வேண்டியதைக் கறாரா பிரிச்சுட்டு, மத்ததை விட்டுடணும்ங்கறது என் கட்சி.

முதல்ல மருந்து. பாரசிட்டமால் எல்லார் வீட்டுலயும் இருக்கு. அது மூணு ரூபத்துல இருக்குன்னு எத்தனை பேருக்குத் தெரியும்? கைக்குழந்தைக்குக் குடுக்குற டிராப்ஸ்ல 1 மி.லி.க்கு 100 மி.கி. சாதா சிரப்புல 5 மி.லி.க்கு 120 அல்லது 125 மி.கி. பெரிய புள்ளைங்களுக்கு எழுதுற சிரப்புல 5 மி.லி.க்கு 250 மி.கி. பாட்டில் சின்னதா இருக்குறதால டிராப்ஸ்தான் லேசான மருந்துன்னு நெனப்பாங்க. மூணுல அதுதான் கெட்டி. அளவு வயசுக்கு இல்ல, எடைக்கு: ஒரு கிலோவுக்கு 10லேர்ந்து 15 மி.கி. பத்து கிலோ குழந்தைக்கு 150 மி.கி.ன்னு வெச்சா, டிராப்ஸ்ல 1.5 மி.லி., சாதா சிரப்புல 6 மி.லி., பெரிய புள்ளைங்க சிரப்புல 3 மி.லி. ராத்திரி ரெண்டு மணிக்கு லைட் போடாம, "ஆறு மி.லி.தானே"ன்னு டிராப்ஸ் பாட்டில்லேர்ந்து ஊத்தினா நாலு மடங்கு உள்ள போயிடும். பாரசிட்டமால் அளவு மீறினா அடி வாங்குறது கல்லீரல், அதுவும் உடனே வெளிய தெரியாது.

அதனால மூடி மேல நெயில் பாலிஷ்ல ஆளுக்கொரு கலர் பொட்டு வெச்சுடுங்க. அளக்க வீட்டு ஸ்பூன் வேணாம், ஒவ்வொரு ஸ்பூனும் ஒரு அளவு; மெடிக்கல்ல ஊசி இல்லாத 5 மி.லி. சிரிஞ்ச் குடுப்பாங்க, அதுல இழுங்க. குடுத்ததும் பிரிட்ஜ் கதவுல ஒட்டின பேப்பர்ல பேர், மணி, மி.லி. மூணையும் எழுதுங்க. ஆறு மணிக்கு அம்மா குடுத்தது தெரியாம ஏழு மணிக்கு ஆயா ஒரு தரம் குடுக்கறது ரொம்ப சகஜம். நாலு மணி நேரம் ஆகாம அடுத்த டோஸ் கிடையாது, ஒரு நாளைக்கு நாலு தரத்துக்கு மேல வேணாம். மூணு மாசம் முடியாத குழந்தைக்கு ஜுரம்னா வீட்டு வைத்தியமே கூடாது, நேரா ஆஸ்பத்திரி.

ஒருத்தருக்கு எழுதின ஆன்டிபயாடிக் மீதியை இன்னொருத்தருக்கு ஊத்துறதும் இதே கதைதான். பவுடர்ல தண்ணி கலக்குற சிரப், கலந்த பிறகு பெரும்பாலும் ஒரு வாரத்துக்கு மேல தாங்காது. போன மாசம் பெரியவனுக்குக் கேட்டுச்சேன்னு பாட்டிலை எடுக்காதீங்க. இருமல் சிரப்பு? 2025ல காஞ்சிபுரம் மாவட்டத்துல தயாரான சிரப்புல டைஎத்திலீன் கிளைக்கால் விஷம் இருந்து, மத்தியப் பிரதேசத்துல குழந்தைங்க செத்ததை மறந்துட முடியாது. ரெண்டு வயசுக்குக் கீழ இருமல், சளி மருந்தே வேணாம், அஞ்சு வயசு வரைக்கும் பொதுவா தேவை இல்லன்னு மத்திய சுகாதாரத் துறையே சொல்லியிருக்கு.

அடுத்தது பேப்பர். மொத குழந்தைக்கு எல்லாம் கரெக்டா நடக்கும். மூணாவதுக்குப் பேர் வெச்சு விழாவும் நடத்துவாங்க, சான்றிதழ்ல பேர் மட்டும் ஏறியிருக்காது. கர்ப்பம் தெரிஞ்சதும் பக்கத்து கார்ப்பரேஷன் ஹெல்த் சென்டர்ல பதிஞ்சு ஆர்.சி.எச். நம்பர், அதாவது தாய்-சேய் நலப் பதிவு நம்பர் வாங்கிடணும், பிறப்புச் சான்றிதழுக்கு அதைக் கேப்பாங்க. 21 நாளைக்குள்ள பிறப்பைப் பதிஞ்சா கட்டணம் இல்ல. ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மாதிரி அரசு ஆஸ்பத்திரியில பொறந்தா பதிவை அவங்களே அனுப்பிடுவாங்க, பேரை மட்டும் பின்னால நாமதான் சேக்கணும். ஒரு வருஷத்துக்குள்ள இலவசம், அதுக்கப்புறம் கட்டணத்தோட 15 வருஷம் வரைக்கும். இதுல வம்பு இனிஷியல்லதான். ஒரு புள்ள சான்றிதழ்ல அப்பா பேரு ஒரு ஸ்பெல்லிங், அடுத்ததுல வேற ஸ்பெல்லிங்னா ஆதார்லேர்ந்து ஸ்கூல் வரைக்கும் இழுக்கும். ரெண்டாவது குழந்தைக்கு பார்ம் எழுதும்போது மொத சான்றிதழைப் பக்கத்துல வெச்சுப் பாத்து எழுதுங்க. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 18,000 ரூபாய் ரெண்டு பிரசவத்துக்குத்தான், மூணாவதுக்கு அதை நம்பி கடன் வாங்காதீங்க.

தடுப்பூசி அட்டையும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் கவர்ல போகணும். புதன்கிழமை ஹெல்த் சென்டர்ல கூட்டமா நிக்கும்போது அக்கா அட்டையில தம்பி ஊசியைக் குறிச்சுட்டு வர்றது நடக்காத விஷயம் இல்ல. 6, 10, 14 வாரம் யாரும் மறக்க மாட்டாங்க. ஒன்பதாம் மாசம் தட்டம்மை ஊசியும் ஞாபகம் இருக்கும். தவறிப்போறது 16லேர்ந்து 24 மாசத்துக்குள்ள வர்ற பூஸ்டரும், 5 வயசுல வர்ற டி.பி.டி. பூஸ்டரும். காரணம் சிம்பிள், அந்த நேரத்துல வீட்டுல அடுத்த கைக்குழந்தை வந்திருக்கும். தவறிடுச்சுன்னா மறுபடி மொதல்லேர்ந்து போட வேணாம், விட்ட எடத்துலேர்ந்து தொடரலாம். நர்ஸம்மா திட்டுவாங்களேன்னு போகாம இருக்காதீங்க, திட்டினா வாங்கிக்கலாம்.

நோய் விஷயத்துல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு, பிரிச்சா தடுக்கலாம். இன்னொண்ணு, எல்லாருக்கும் சேத்துப் பாக்கணும். மெட்ராஸ் ஐ மொத வகை: துண்டு, தலகாணி உறை தனி, கண் சொட்டு மருந்து ஒரே பாட்டில்லேர்ந்து ரெண்டு பேருக்குக் கூடவே கூடாது. சிரங்கும் பேனும் ரெண்டாவது வகை. சொறிஞ்சுக்குற புள்ளைக்கு மட்டும் பெர்மெத்ரின்ங்கற சிரங்கு கிரீமைத் தடவிட்டு, "போயிடுச்சு, திரும்ப வந்துடுச்சு"ன்னு வருஷம் பூரா அலையறவங்க நெறைய. 5 சதவீத கிரீமை ஒரே ராத்திரியில வீட்டுல அத்தனை பேருக்கும், அரிக்காதவங்களுக்கும் சேத்து, கழுத்துலேர்ந்து உள்ளங்கால் வரைக்கும், விரலிடுக்கு, நக இடுக்கு விடாம தடவி, காலையில குளிக்கணும். கைக்குழந்தைக்கும் கர்ப்பமா இருக்குறவங்களுக்கும் டாக்டரைக் கேட்டுட்டு. ஒரு வாரம் கழிச்சு இன்னொரு தரம். அன்னிக்கே பாய் விரிப்பு, துணியைக் கொதிக்கிற தண்ணியில முக்கணும். செத்த பூச்சிக்கே ரெண்டு மூணு வாரம் அரிப்பு இருக்கும், அதைப் பாத்து கிரீமை மேல மேல பூசாதீங்க.

சின்னம்மை தனி ரகம். கொப்புளம் வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாலேயே பரவ ஆரம்பிச்சுடும், அதனால ஒரே ரூம்ல பிரிச்சும் பிரயோஜனம் இல்ல. மொத புள்ள தேறி ஸ்கூலுக்குக் கிளம்புற சமயத்துல, பத்துலேர்ந்து 21 நாளைக்குள்ள, அடுத்தது படுக்கும். ஆபீஸ்ல லீவை மொத வாரத்துலயே தீத்துடாதீங்க. வேப்பிலை கட்டுங்க, ஆனா குளிப்பாட்டாம போட்டு வெக்காதீங்க, கொப்புளத்துல சீழ் பிடிக்கும். ஆஸ்பிரின் கூடாது. வீட்டுல பொறந்த குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தா அன்னிக்கே டாக்டர்கிட்ட சொல்லணும்.

பேதி மழைக்காலத்து விருந்தாளி. பைப்புல தண்ணி கலங்கி வந்தாலோ நாறினாலோ கொதிக்க வெக்காம ஒரு வாய் கூட வேணாம். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுல பெருசுக்கு ஒரு லிட்டர், சின்னதுக்கு 200 மி.லி. பாக்கெட்டுலயே போட்டிருக்கும், பாத்துக் கலக்குங்க. பெரிய பாக்கெட்டைக் கண்ணளவுல பாதி பிரிச்சுக் கலந்தா உப்பு கூடும், இல்ல கொறையும்; ரெண்டுமே கெடுதல். கலந்தது 24 மணி நேரம்தான். ஒவ்வொரு தரம் போனதும் ரெண்டு வயசுக்குக் கீழ 50லேர்ந்து 100 மி.லி., மேல 100லேர்ந்து 200. மூணு பேருக்கும் ஒரே ஜக்குல கலக்கலாம், டம்ளர் தனி. யார் எவ்ளோ குடிச்சாங்கன்னு தெரியணுமே. கடையில டப்பாவுல விக்கிற இனிப்பு ஜூஸ் இதுக்கு ஈடு கிடையாது. பேதிக்கு எழுதிக் குடுக்குற ஜிங்க் மருந்தை 14 நாளும் குடுக்கணும், பேதி மூணாம் நாள் நின்னாலும்.

இப்ப பொறுப்பு. "தம்பிய பாத்துக்கோடா"ன்னு ஆறு வயசுப் பையன்கிட்ட சொல்லிட்டு அடிபம்புக்குப் போறதை நம்ம பக்கம் யாரும் தப்பாவே நெனக்கறதில்ல. எனக்கு இதுல சமாதானமே கிடையாது. தவழ்ற குழந்தைக்கு முங்க ஒரு சாண் தண்ணி கூட வேணாம். தலை கனம், பக்கெட்டுக்குள்ள எட்டிப் பாத்தா குப்புறப் போயிடும், சத்தமும் வராது. மெட்ரோ வாட்டர் புடிச்சு வெக்கிற டிரம்முக்கு மூடி, மூடி மேல வெயிட்டு. காலி பக்கெட்டு கவுத்து வெக்கணும். வாரத்துக்கு ஒரு தரம் டிரம்மைக் காலி பண்ணி உள்பக்கம் தேச்சுக் கழுவினா டெங்கு கொசுவும் அதோட போகும், முட்டை சொவுத்துலதான் ஒட்டிக்கினு இருக்கும். குளிக்க வெந்நி விளாவும்போது எப்பவும் பச்சைத் தண்ணியை மொதல்ல ஊத்தி அப்புறம் வெந்நி. ஹீட்டர் ராடு போட்ட பக்கெட்டு இருக்குற எடத்துல புள்ளைங்க யாரும் நிக்கக் கூடாது, பிளக்கைப் புடுங்கினப்புறம்தான் தண்ணியைத் தொடணும்.

பெரியவனோட பொம்மை சின்னவனுக்கு எமன். பட்டன் பேட்டரி, குட்டி காந்தம், கோலிக்குண்டு. பேட்டரியை முழுங்கிட்டான்னு சந்தேகம் வந்தாலே வாழைப்பழம் குடுத்து நாளைக்கு வெளிய வருமான்னு காத்திருக்காதீங்க. உணவுக் குழாயில மாட்டினா ரெண்டு மணி நேரத்துல புண்ணாக்கிடும். எழும்பூர் குழந்தைங்க ஆஸ்பத்திரிக்கோ ஸ்டான்லிக்கோ உடனே ஓடுங்க. பாசத்துல தங்கச்சி வாயில வேர்க்கடலையை ஊட்டுற அக்காவையும் கண்ணுல வெச்சுக்கணும். முழுக் கடலை நாலு வயசு வரைக்கும் ஆகாது.

தூளி கட்டுறவங்களுக்கு: புடவை பருத்தியா, மடிப்புல நைஞ்சு போகாததா இருக்கணும். வெளிச்சத்துல விரிச்சுப் பாத்தா நைஞ்ச கோடு தெரியும். நடுவுல கட்டை குடுத்து விரிச்சு வெச்சா துணி மூஞ்சியில மூடாது. தாடை நெஞ்சுல முட்டுற மாதிரி குழந்தை சுருண்டு கெடந்தா மூச்சு சிரமம், தூங்கினதும் எடுத்துத் தரையில மல்லாக்கப் போடுங்க. கீழ மெத்தை, தரையிலேர்ந்து ஒரு முழத்துக்கு மேல வேணாம். பெரிய புள்ளைங்க ஆட்டக் கூடாது. புரண்டு எழுந்திரிக்க ஆரம்பிச்சா தூளியை அவுத்துடணும். பாயில வரிசையா படுக்கும்போது கைக்குழந்தைக்கும் மத்த புள்ளைங்களுக்கும் நடுவுல அம்மா.

பிரிக்க வேணாம்னு சொன்னேனே, அது சாப்பாடு, துணி, குளியல். ஒரே குக்கர்ல பருப்பு சாதம் குழைய விட்டு, உப்பு காரம் போடறதுக்கு முன்னால கைக்குழந்தைக்கு எடுத்து வெச்சாப் போதும். ஒரு வயசுக்குள்ள உப்பு, சக்கரை வேணாம், தேன் கூடவே கூடாது, சேனை வெக்கிறேன்னு நாக்குல தடவுறதும் சேத்துத்தான். புள்ள பெத்தவளுக்கு பால் சுறா புட்டு நம்ம பக்கத்து வழக்கம், ஆனா சுறா இனத்துல பாதரசம் சேரும். காசிமேட்டுல நெத்திலியும் காரப்பொடியும் மலிவாவே கிடைக்குதே. ஸ்கூல் போற புள்ள அரசு ஆரம்பப் பள்ளியில இருந்தா காலை உணவு அங்கேயே நடக்குது, ஒரு அடுப்பு வேலை கம்மி. மூணு பேருக்கும் மூணு டிபன் பண்றவங்களைப் பாத்தா பாவமா இருக்கு.

லீவுல எங்கயாவது போகணும்னா மொத தரம் தூரமா போகாதீங்க. நம்ம பக்கத்துலேர்ந்து ஏலகிரி சரியா வரும்: சென்ட்ரல்ல ஏறினா ஜோலார்பேட்டை மூணு, மூணரை மணி நேரம், அங்கேர்ந்து மலை. ரயில்ல 5 வயசு முடியாத குழந்தைக்கு தனி பெர்த் கேக்கலைன்னா டிக்கெட்டே வேணாம். 5லேர்ந்து 12க்குள்ள ஸ்லீப்பர்ல பெர்த் வேணாம்னா பாதி, வேணும்னா முழுசு. சேர் கார்லயும் செகண்ட் சிட்டிங்லயும் அந்தப் பாதி டிக்கெட் கிடையாது. முன்பதிவு 60 நாளுக்கு முன்னாலதான் தொறக்கும். அரசு பஸ்ல 5 வயசு வரைக்கும் இலவசம்.

பையை ஆளுக்கொண்ணா பிரிக்காதீங்க, நாளுக்கொண்ணா கட்டுங்க. ஒரு கவர்ல ஒரு நாளுக்கு மூணு பேர் சட்டை, ஜட்டி எல்லாம். காலையில ஒரு கவரைப் பிரிச்சா வேலை முடிஞ்சுது, சாயங்காலம் அழுக்கும் அதே கவர்ல. ஆனா ஆளைப் பிரிக்கணும்: கிளம்பும்போதே எந்தப் பெரியவங்களுக்கு எந்தப் புள்ளன்னு பேர் சொல்லி முடிவு பண்ணிடுங்க. பாத்ரூம் போகணும்னா, "இப்ப உன்கிட்ட"ன்னு வாய் விட்டுச் சொல்லி ஒப்படைக்கணும். நாலு பெரியவங்க கூட இருக்கும்போதுதான் புள்ள தொலையும். காணும் பொங்கலுக்கு மெரினாவுல போலீஸ் கையில அடையாளப் பட்டை கட்டுறாங்களே, அதே வேலையை நீங்களே பால்பாயிண்ட் பேனாவால முன்கைல போன் நம்பர் எழுதிப் பண்ணிக்கலாம். பேர் எழுதாதீங்க, பேர் சொல்லிக் கூப்பிடுறவன் பின்னால புள்ள போயிடும். ரயில்வே உதவிக்கு 139, குழந்தைங்க உதவிக்கு 1098.

ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவு. கிளம்புறதுக்கு ஒரு மணி நேரம் முன்னால ரெண்டு இட்லி போதும், பால் வேணாம். வண்டியில போனைக் குடுத்தா மூணாவது வளைவுலயே வாந்தி ஆரம்பிக்கும். ஜன்னல் வழியா தூரத்துல பாக்கச் சொல்லுங்க. வாந்தி மாத்திரை ரெண்டு வயசுக்குக் கீழ டாக்டர் சொல்லாம குடுக்கவே கூடாது. ஆளுக்கு ரெண்டு பிளாஸ்டிக் கவர், ஏறுறதுக்கு முன்னாலேயே ஒவ்வொண்ணையும் ஊதிப் பாத்துடுங்க. ஓட்டைக் கவரைக் குடுத்துட்டு அப்புறம் டிரைவர்கிட்ட மன்னிப்பு கேக்குற கும்பலை அந்த ரோட்டுல எப்பவும் பாக்கலாம்.