"வேகும் வரை" என்றால் எதுவரை?

"தேவையான அளவு உப்பு." "வேகும் வரை வேகவிடவும்." எந்தச் சமையல் குறிப்பைத் திறந்தாலும் இதே இரண்டு வரிகள்! எவ்வளவு தேவை, எப்போது வேகும் என்று தெரிந்தவன் குறிப்பைத் தேடி ஏன் வரப்போகிறான்?

அம்மாவுக்கு அறுவை சிகிச்சை முடிந்து பத்து நாளாகிறது. புரதம் சேர்க்கச் சொன்னார்கள். நேற்று எலும்பில்லாத கோழி நெஞ்சுக்கறி அரைக் கிலோ வாங்கி வந்தேன். குறிப்பில் உள்ளபடியே மசாலா தடவி, தோசைக்கல்லில் போட்டு, மூடி 20 நிமிடம் வைத்தேன். திறந்தால் கல் முழுக்கத் தண்ணீர். கறி சுருங்கி, விறைத்துக் கிடந்தது. மேலே காரம், உள்ளே சப்பென்று சக்கை. அம்மா இரண்டு வாய் மென்றார். மூன்றாவதைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, "நன்றாகத்தான் இருக்கிறது" என்று தண்ணீர்ச் செம்பைத் தேடினார்.

அந்த 20 நிமிடக் கணக்கு குழம்பில் கொதிக்கும் தொடைக்கறிக்கு உரியது! தொடையில் கொழுப்பும் சவ்வும் உண்டு, வேக வேக இளகும். நெஞ்சுக்கறியில் கொழுப்பு மிகக் குறைவு. நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் இறக்கிவிட வேண்டும். அதற்கு மேல் அடுப்பில் இருக்க இருக்க, நார்கள் இறுகித் தம்மிடமுள்ள நீரையெல்லாம் பிழிந்து தள்ளிவிடும். துண்டின் ஒரு முனை இரண்டு விரல் தடிமன், மறுமுனை அரை விரல்கூட இல்லை. பூரிக்கட்டையால் தட்டிச் சமமாக்கினால்தான் இரண்டும் ஒன்றாக வேகும். இதை எழுத ஒரு வரி போதாதா?

உப்புக்கும் கணக்கு உண்டு. அரைக் கிலோவுக்குத் தூளுப்பு ஒரு டீஸ்பூன், அதாவது எடையில் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல். அரைமணி நேரம் முன்பே தடவிவிட வேண்டும். மசாலா பெரும்பாலும் மேலோடு நின்றுவிடும். உள்ளே இறங்குவதும், கறியின் நீரைப் பிடித்து வைப்பதும் உப்புதான். மூன்று முறை கறியைப் பாழாக்கிய பிறகுதான் இது எனக்குத் தெரிந்தது.

சித்தியிடம் கேட்டால், "பதம் பார்த்து இறக்கு தம்பி, எல்லாம் கைப்பக்குவம்தான்" என்கிறார். எந்தப் பதம்? வெட்டினால் சாறு தெளிவாக வர வேண்டுமா, அழுத்தினால் விரலுக்கு எப்படி இருக்க வேண்டும்? அதைச் சொல்லுங்கள் சித்தி! கைப்பக்குவம் வரும்போது வரட்டும். நான் இன்று இரவு அம்மாவுக்குச் சமைக்க வேண்டும்.