தூண்டிலும் டோபமைனும்: ஒரு திருத்தம்

"தூண்டிலில் மீன் மாட்டும்போது மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது, கன்னியாகுமரி மாவட்டத்து மணக்குடிக் காயலில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்கள் அதற்கு அடிமைகள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி.

டோபமைனை வெறும் 'இன்ப ரசாயனம்' போலப் பேசுவது பழைய கதை. நரம்பியல் ஆய்வாளர் வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் குழுவினர் குரங்குகளை வைத்துச் செய்து 2003-இல் வெளியிட்ட ஆய்வில், திரையில் ஒரு குறி தோன்றும், அப்புறம் பானம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கிடைக்க ஐம்பது சதவீத வாய்ப்பு இருந்தபோதுதான், காத்திருக்கும் அந்த இடைவெளியில் டோபமைன் சுரக்கும் நரம்பணுக்களின் துடிப்பு மெல்ல மெல்லக் கூடி, மிக அதிகமாக இருந்தது. நிச்சயம் கிடைக்கும் என்றால் அந்தத் துடிப்பு இல்லை. தக்கை அசையுமா அசையாதா என்று கண் கொட்டாமல் பார்ப்பவருக்கு இது புரியும். கொடுவா மீன் கரைக்கு வந்த பிறகு அவர் முகத்தைப் பாருங்கள், பாதி சுவாரசியம் போயிருக்கும்!

ஆனால் அந்தக் குரங்குகள் தூண்டில் போடவில்லை. அதை வைத்து யாரையும் அடிமை என்பது அதிகப்படி. காற்று, கூட்டாளி, வீட்டுத் தொல்லையிலிருந்து தப்பிப்பு, குழம்புக்கு நாலு மீன் என்று காரணங்கள் எத்தனையோ.

இன்னொன்று. அதே மாவட்டத்துத் தூத்தூர் மீனவர்களையும் அவர் இதே கணக்கில் சேர்த்துவிட்டார். ஆழ்கடலில் சுறாவுக்கும் சூரைக்கும் வாரக்கணக்கில் தங்குவது தொழில். டீசல் கடன் இருக்கிறது, 2017 ஒக்கி போன்ற புயல் இருக்கிறது. ஜூன், ஜூலை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு கரையில் நிற்கும்போது அவர்கள் தேடுவது டோபமைனை அல்ல, வருமானத்தை.